ஏணி உங்களுக்கு, ஹோஸ் எங்களுக்கு

பெருமதிப்பிற்குரிய, இரு மாகாணச் சொத்துப் பிரிப்புக் கூட்டுக்குழுத் தலைவரும், புதிய மாகாணக் கொடித் தேர்வுக் குழு உறுப்பினரும், நான் செய்தித்தாளில் படிக்காமல் விட்ட இன்னும் பல குழுக்களில் இருப்பவரும், எல்லாவற்றுக்கும் மேலாக என் மனைவியின் உடன்பிறந்த தம்பியுமாகிய மைத்துனர் அவர்களுக்கு, பழைய மாகாணத்திலேயே மாட்டிக்கொண்ட அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம், அங்கு தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. முறைப்படி எழுதிவிட்டேன். நிஜத்தில் இங்கு யாரும் நலமில்லை. தங்கள் அக்கா சோறு வடிக்கிறாள், பரிமாறுகிறாள், தான் மட்டும் சாப்பிடுவதில்லை. எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது, ரிட்டையரான டிரில் மாஸ்டர் நான் மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறேன். தங்கள் மருமகன், அதாவது என் ஒரே மகன், கிளைச் சிறையில் இருக்கிறான். தங்கள் நலத்தை விசாரிக்க அவசியமே இல்லை. தினமும் பேப்பரில் படம் வருகிறது. கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறீர்கள்.

இந்தத் 'தாங்கள்' எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, மச்சான். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவன் நான். கல்யாணமான புதிதில் உன் அக்காவைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனபோதெல்லாம் நடுவில் உட்கார்ந்து படம் பார்த்தவன் நீ. தலைவருக்கு எழுத வேண்டியதை மேலே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவது உனக்கு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பிசியான ஆள், பாதியில் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். உன் ஒரு கையெழுத்து வேண்டும். இத்துடன் வக்கீல் தயாரித்த காகிதம் இருக்கிறது. தீப்பிடித்த அன்று, என் மகன் உனக்குப் போன் செய்ததாகவும், நீ உடனே வாய்மொழியாக அனுமதி கொடுத்ததாகவும், அந்த அனுமதியின் பேரில்தான் அவன் பழைய மாகாணத்துத் தீயணைப்பு வண்டியைப் புதிய மாகாணத்துக்குள் ஓட்டிப்போனான், புதிய மாகாணத்து ஏணியை எடுத்தான் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அவசரத்தில் கூட்டுக்குழுத் தலைவர் வாயால் சொன்னால் போதும், பிறகு எழுத்தில் உறுதி செய்யலாம் என்று நீ போட்ட விதியிலேயே ஒரு சந்து இருக்கிறதாம். அந்தச் சந்து கண்ணில் பட்டதில் வக்கீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீ கையெழுத்துப் போட்டால் இரண்டு மாகாணத்து வழக்கும் ஒரே நாளில் விழுந்துவிடும். போடாவிட்டால் என் மகன் அரசாங்கச் சொத்தைத் திருடியவன். வேலை போகும், சிறை நிச்சயம். நீ அனுமதி கொடுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அது வேறு விஷயம். அரசியலில் நீ சொல்லாததைச் சொன்னதாக எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் இது ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அக்காவுக்கு இந்தக் கடிதத்தில் விருப்பமில்லை. "அவன்கிட்ட கேக்காதீங்க. கேட்டா குடுத்துடுவான். குடுத்தா அதுக்கும் போய் அவனுக்கு ஒரு மாலை போடணும்" என்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு நடைமுறை தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையில் தோசைக்கரண்டி இல்லை, ஆனாலும் சொல்லவில்லை.

மாகாணம் பிரிந்தது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் நீ மேடையில் இருந்தாய், கீழே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. முதல் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மேடை வேண்டுமென்று எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றாய். "நம்ம வரியில அவங்க பாலம் கட்றாங்க, நம்ம ஆளுங்க இன்னும் ஓடத்துல போறாங்க" என்று நீ காலை உதைத்துப் பேசியதில் மேஜையின் ஒரு கால் முறிந்தது. இன்றைக்கும் அந்தக் காலுக்குப் பதில் செங்கல்தான் நிற்கிறது. நீ பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. தலைநகரத்தில் நம் பக்கத்து ஆளை அவர்கள் மதித்ததில்லை, நம் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போட்டதில்லை. நான் இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஊர்வலம் வந்தபோது ஆட்கள் சந்தைக்கு வந்த மாடுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். விசிலை வாயில் வைத்து, மூன்று மூன்று பேராக நிறுத்தி, இடது வலது சொல்லிக்கொடுத்து, நம் ஊர் ஊர்வலம்தான் ஒழுங்கான ஊர்வலம் என்று பேப்பரில் வரவைத்தவன் நான். முன்வரிசையில் கொடி பிடித்து நடந்தவன் என் மகன். வீட்டில் கண்ணாடிமுன் நின்று உன்னைப் போலவே கையை ஆட்டிப் பேசிப் பார்ப்பான். உன்னை மாதிரி ஒருவன் இந்த உலகத்தில் பிறந்ததில்லை என்று நினைத்த பயல் அவன். அந்தக் கொடியைத் தைத்துக் கொடுத்தவள் காஜா அக்கா. பட்டன் துளைக்கு நூல் சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லாததால் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், தைத்த கூலியை வாங்க மறுத்துவிட்டாள். "நம்ம மாகாணம் வந்தா எம்பொண்ணுக்கு நம்ம பக்கத்துலயே வேலை கெடைக்கும்ல, அது போதும்" என்றாள்.

மாகாணம் வந்தது. வந்த இடம்தான் சரியில்லை. எல்லைக் கமிஷன் வந்து உட்கார்ந்தபோது, ஆற்றை எல்லையாக வைக்கலாம் என்றார்கள், குன்றை வைக்கலாம் என்றார்கள். கடைசியில் நம் ஊர்க் கடைத்தெருவின் வரி யாருக்கு என்பதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல், தெருவின் நட்டநடுவில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டுப் போனார்கள். வலதுபக்கக் கடைகள் புதிய மாகாணம், இடதுபக்கம் பழையது. என் வீடு இடது. கத்தியது நான், கால் வீங்க நடந்தது நான், மாகாணம் கிடைத்தது எதிர்வீட்டு மளிகைக்காரருக்கு. அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்தவரில்லை, ஊர்வலத்தன்று கடையைச் சாத்திக்கொண்டு தூங்கியவர். பரவாயில்லை, பார்வையிலாவது மாகாணம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் பெருமையாகச் சொல்வேன். அந்தக் கோட்டுக்குக் காவலே தேவைப்படவில்லை. மற்ற ஊர்களில் எல்லையில் முள்வேலி, தடுப்புக் கட்டை, தள்ளுமுள்ளு. நம் ஊரில் கோட்டைப் பார்த்ததும் சைக்கிள்காரன் காலை ஊன்றுகிறான், ஆட்டோக்காரன் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தாண்டுகிறான். ஏன்? இந்த ஊரில் படித்தவர்கள் எல்லோரும் என் கையில் டிரில் படித்தவர்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓடி வந்து கோட்டில் நில், விரல் நுனி தாண்டினால் மைதானத்தைச் சுற்றி இன்னொரு ஓட்டம் என்று பழக்கியவன் நான். புதிதாக வந்த போலீஸ் அதிகாரி, "இந்த ஊர்க்காரங்க மாதிரி கோட்டுக்கு மரியாதை குடுக்கறவங்கள நான் பாத்ததே இல்ல சார்" என்றார். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு தேவைப்படவில்லை, அந்தப் பேச்சிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

அதன்பிறகு பங்கு பிரித்தீர்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்து நான் பார்த்திருக்கிறேன். கிணற்றைப் பிரித்தவனைப் பார்த்திருக்கிறேன். உன் குழு பிரித்ததைப் பார்த்ததில்லை. 'ஒன்றோடொன்று சேர்ந்து பயன்படும் சாமான்களையும் தனித்தனிச் சாமான்களாகவே கருதி, சீட்டுக் குலுக்கிப் பங்கிட வேண்டும்' என்று நீ ஒரு விதி போட்டாய் பார், அது நியாயமான விதிதான், யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கால்பந்தெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று, காற்றடிக்கும் பம்பு இந்தப் பக்கம் வந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் சப்பிப்போன பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இங்கே பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் காற்றடித்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின் உங்களுக்கு, அதை ஓட்டத் தெரிந்தவர் எங்களுக்கு. அவர் தினமும் வந்து ஒரு காலி அறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறதாம். சிரித்தோம், மச்சான். டீக்கடையில் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே கூத்தாடியும் நாங்களே, கொண்டாடியதும் நாங்களே.

தீயணைப்பு நிலையத்துக்கு வந்தபோதும் அதே விதிதான். நிலையக் கட்டடம் எங்கள் பக்கம். வண்டி இரண்டு, ஆளுக்கு ஒன்று. நீள ஏணி ஒன்றுதான், சீட்டில் அது உங்களுக்கு விழுந்தது. தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் எல்லாம் ஒரே உருப்படியாகக் கணக்காகி எங்களுக்கு விழுந்தது. டிரைவர்கள் எல்லோரும் பென்ஷன் போய்விடுமோ என்று பயந்து பழைய மாகாணத்திலேயே இருந்துகொண்டார்கள், என் மகன் உட்பட. அவன் புதிய மாகாணத்துக்குத்தான் எழுதிக்கொடுக்கப் போனான். உன் அக்கா அழுது நிறுத்தினாள். ஆக, உங்கள் வண்டி மூடிப்போன சினிமாக் கொட்டகை வாசலில் தார்ப்பாய் போர்த்தி, டிரைவர் இல்லாமல், ஹோஸ் இல்லாமல், ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி நிற்கிறது. எங்கள் வண்டி ஹோஸ் இருந்து, ஏணி இல்லாமல் நிற்கிறது. 'அய்யா, இப்படியிருந்தால் மாடியில் தீப்பிடித்தால் என்ன செய்வது' என்று நிலைய அதிகாரி எழுதிக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. தீ கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது.

அது பொறுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கருகல் வாடை வந்தது. உன் அக்கா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்திருப்பாள் என்று சத்தம் போட்டேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, "பால் இல்லீங்க, எதிர்ல மாடி எரியுது" என்றாள். மளிகைக் கடைக்கு மேலே இருக்கும், காஜா அக்கா வேலை பார்க்கும் தையல் ஹால். உன் கொடிக்கு ஆர்டர் எடுத்திருந்த ஹால். முதலில் ஊதா நிறத்தில் கொடி தைக்கச் சொன்னீர்கள், தைத்தார்கள், அது துக்க நிறம் என்று யாரோ சொன்னதும் வேண்டாம் என்றீர்கள். பிறகு இளம்பச்சை. காய்கறி மண்டிக் கொடி மாதிரி இருக்கிறது என்று அதையும் தள்ளினீர்கள். தைத்துத் தள்ளின கொடிகளைக் கொண்டுபோக யாரும் வரவில்லை. வைக்க இடமில்லாமல் கட்டுக் கட்டாகப் படிக்கட்டில் அடுக்கியிருந்தார்கள். பாலியஸ்டர் துணி. இஸ்திரிப் பெட்டி வயரில் பிடித்த தீ முதலில் போன இடம் அந்தப் படிக்கட்டு. உள்ளே இருந்த பெண்களுக்குத் தெருப்பக்க ஜன்னல் ஒன்றுதான் மிச்சம்.

விசிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்தை ஒதுக்கவாவது உதவலாம் என்றுதான். அதற்குள் நிலையத்திலிருந்து மணியடித்துக்கொண்டு என் மகன் வண்டியைக் கொண்டுவந்துவிட்டான். அவ்வளவு வேகமாக ஒரு வண்டி அந்தத் தெருவில் வந்து நான் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் வெள்ளைக்கோட்டில் நின்றது. முன்சக்கரம் கோட்டை முத்தமிடுகிற மாதிரி, ஒரு விரல்கடை தாண்டாமல் நின்றது. நிலைய அதிகாரி பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து, "தாண்டிடாதடா, தாண்டினா ரெண்டு பேர் சர்வீஸும் போச்சு, எழுத்துல அனுமதி வேணும்" என்று கத்தினார். நின்ற இடத்திலிருந்தே ஹோஸைத் திறந்தார்கள். தண்ணீர் மளிகைக் கடைப் பலகைவரை போய், கடைக்காரர் காயவைத்திருந்த மிளகாய்மேல் கொட்டியது. ஜன்னலுக்கு எட்டவில்லை. கொஞ்சம் முன்னே போனால் எட்டும். கொஞ்சம்தான், மச்சான். நாலு எட்டு வைத்தால் போகிற தூரம், அதற்கு நடுவில் ஒரு மாகாணம் இருந்தது.

அப்போதுதான் அவன் உனக்குப் போன் செய்தான். சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்தான், பக்கத்தில் நின்ற நானும் கேட்டேன். உன் உதவியாளர் எடுத்தார்.

"ஐயா கொடி மீட்டிங்ல இருக்காங்க. என்ன விஷயமா?"

"தீ விஷயமாங்க. நான் அவரோட மருமகன் பேசறேன். வண்டி உள்ள போகணும், அனுமதி வேணும்."

"தீயா? அது எந்தத் துறைல வரும்?"

"மாடில பொம்பளைங்க இருக்காங்க சார்!"

"புரியுதுங்க. ஐயா வெளிய வந்ததும் முதல் வேலையா சொல்லிடறேன். கலர் மட்டும் முடிவாயிட்டா வந்துடுவாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதற்குத்தான் சொன்னது. போனை அவன் அணைக்கவில்லை, கீழே போட்டான். அதிகாரியை விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கோட்டைத் தாண்டி விட்டான். தாண்டியபோது ஒரு கூச்சல் எழுந்தது பார், மாகாணம் அறிவித்த அன்றுகூட அப்படியொரு கூச்சல் இல்லை. ஹோஸை எட்டப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடினான். சங்கிலிப் பூட்டை உடைத்து, உங்கள் ஏணியை எடுத்து, நாங்கள் ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்து ஜன்னலில் சாத்தினோம். என் வயதுக்கு நானும் தூக்கினேன். ஒவ்வொருவராக இறக்கினான். எல்லோரும் வந்தார்கள், காஜா அக்கா வரவில்லை. மூட்டுவலிக்காரி, தான் மெதுவாகத்தான் இறங்க முடியும், மற்றவர்கள் போகட்டும் என்று ஜன்னலோரம் நின்று எல்லோரையும் தள்ளிவிட்டிருக்கிறாள். கடைசியாக அவன் ஏறிப்போனபோது ஜன்னலில் ஆளில்லை. உள்ளே போனான். தூக்கிக்கொண்டுதான் வந்தான். நான் இதற்குமேல் எழுதவில்லை.

பிறகு நடந்ததைக் கேள். அவள் வீடு இடதுபக்கம், இறந்தது வலதுபக்கம். இறப்பைப் பதிவு செய்ய அவள் மகள் இங்கே போனால் அங்கே போ என்கிறார்கள், அங்கே போனால் இங்கே போ என்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற சின்னப் பெண், சம்பளத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை என்று தினமும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கிறாள். உன் ஆட்கள் உடலுக்குக் கொடி போர்த்த வேண்டும் என்று காரில் வந்தார்கள். எந்தக் கொடி என்று அவர்களுக்கே தெரியவில்லை. போன் செய்து பார்த்தார்கள், அங்கே யாரும் எடுக்கவில்லை, மாலையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பழைய மாகாணம் வண்டியைத் திருடியதாக வழக்குப் போட்டது. புதிய மாகாணம் ஏணியைத் திருடியதாகவும், அத்துமீறி நுழைந்ததாகவும், பூட்டைச் சேதப்படுத்தியதாகவும் வழக்குப் போட்டது. பிரிந்ததிலிருந்து தண்ணீர், மின்சாரம், பஸ் என்று ஒன்றில்கூட ஒத்துப்போகாத இரண்டு மாகாணமும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் என் மகனை உள்ளே தள்ளியதுதான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஏணி வழக்குக்கு அவனை அந்தப் பக்கக் கோர்ட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். இந்தப் பக்கப் போலீஸ் கோட்டுவரை கூட்டிவந்து நிற்கிறது, அந்தப் பக்கப் போலீஸ் கோட்டுக்கு அந்தப் புறம் நிற்கிறது. ரசீது கைமாறியதும் என் மகன் கோட்டைத் தாண்டுகிறான். இப்போது அவன் தாண்டுவதற்கு இரண்டு அரசாங்கத்தின் அனுமதியும் உடனுக்குடன் கிடைக்கிறது. உன் அக்கா எங்கள் வாசலில் நின்று இதைப் பார்க்கிறாள். ஒருநாள் கூப்பிட்டு, "சாப்பிட்டியாடா?" என்றாள். "சாப்பிட்டேம்மா" என்றான். போலீஸ்காரர் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் என்னிடம் டிரில் படித்தவர்கள்.

காஜா அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று பயந்தேன். வந்து, செங்கல் வைத்த மேஜையருகே உட்கார்ந்தாள், உன் அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். "அண்ணன் மேல கோவமெல்லாம் இல்ல சார். ஆனா ஒன்னு கேக்கணும். அவ்வளவு வேகமா வந்தவரு அங்க ஏன் நின்னாரு?" என்றாள். நான் அதிகாரியைச் சொன்னேன், விதியைச் சொன்னேன், எல்லைக் கமிஷனைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று மறுபடியும் அதையே கேட்டாள். எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஆகவே, மச்சான், அந்தப் பெண்ணின் கேள்விக்கும் இந்தக் காகிதம் பதிலாக இருக்கும். அனுமதிக்காக நின்றான், மாமா அனுமதி கொடுத்தார், உடனே போனான் என்று ஆகிவிடும். உனக்கும் நல்ல பெயர், 'மீட்டிங்கின் நடுவிலும் மக்களுக்காகப் போனை எடுத்த தலைவர்' என்று பேப்பர்க்காரர்கள் எழுதுவார்கள். உன் மருமகன் வெளியே வருவான். காஜா அக்கா திரும்பி வரமாட்டாள், ஆனால் அதற்குக் கையெழுத்துப் போட எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. நீ வளர்த்த பிள்ளை அவன். உன் கையைப் பார்த்துக் கை ஆட்டக் கற்றவன். ஒரு கையெழுத்து. உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை, மேஜையின் காலைக்கூடக் கேட்கவில்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீடூழி வாழ்க, ரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொள். புதிய மாகாணம் சீரும் சிறப்புமாக ஓங்குக, பழைய மாகாணமும் அதன் பங்குக்கு ஓங்கிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தன் மகன் நலத்தையும் விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்யாதே. கையெழுத்துப் போட வேண்டாம். வக்கீலின் காகிதத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், அதைத் தேடாதே.

தபாலில் சேர்க்குமுன் சிறையில் பார்வையாளர் நேரத்தில் இந்தக் கடிதத்தை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பம்பு விஷயம் வந்தபோது சிரித்தான். கடைசிவரை கேட்டுவிட்டு, "மாமா அனுமதி குடுத்தார்னு எழுதிட்டா நான் திருடன் இல்ல. சரிப்பா. போன் பண்ணி அனுமதி கெடைச்சுதுன்னா, போன் பண்றதுக்கு முன்னாடி நான் ஏன் நின்னேன்? அந்தப் பொண்ணு அதைத்தான கேக்குது" என்றான்.

"அதிகாரி கத்தினாரே, அதான் நின்னேன்னு சொல்லு" என்றேன்.

"அவர் வந்து சேர்றதுக்குள்ள வண்டி நின்னுடுச்சுப்பா. அவர் மேல பழி போடாதீங்க, மாமா மேலயும் வேணாம். கோட்டைப் பாத்தேன், கால் தானா பிரேக்குல போயிடுச்சு. யோசிக்கவே இல்ல. சின்ன வயசுலேருந்து பழக்கம்." இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், கம்பியைப் பார்த்துச் சொன்னான். எனக்கு வலிக்கக்கூடாது என்று அப்படிச் சொன்னான் என்பதுதான் அதிகமாக வலித்தது. மேலே ஒரு பத்தியில் நான் பெருமையடித்துக்கொண்டதை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை, நீயும் படி.

அவன் கோர்ட்டில் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளப் போகிறான். தாண்டினதுக்கு இல்லையாம், நின்றதுக்குத் தண்டனை கொடுங்கள் என்று கேட்கப்போகிறானாம். அப்படியொரு குற்றமே சட்டத்தில் இல்லை என்று வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அவன் சொன்னதை அந்தப் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடிக் கடையில் யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், யார் பழக்கியது என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, "உங்க மச்சானுக்கு எழுதுவீங்கல்ல? ஒன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். அன்னிக்கு மீட்டிங்ல கடைசியா எந்தக் கலர் முடிவாச்சு? 'இன்னிக்காவது கலர் முடிவாயிட்டா நல்லாருக்கும்'னு சொல்லிட்டுத்தான் அம்மா காலைல வேலைக்குப் போச்சு" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். பதில் போடவும்.